ஆபத்து வேளையில் நாய் என்ன செய்யும்? – கேள்வி பதில்

தீ, வெள்ளம், நிலச்சரிவு, திடீர் மயக்கம் போன்ற நெருக்கடிகளில் வீட்டு நாய்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பலர் கேட்டிருந்தார்கள். நாய்களுக்கு மருத்துவம் பார்ப்பதோடு அவற்றின் நடத்தையையும் தொடர்ந்து படித்துவரும் கால்நடை மருத்துவர் என்ற முறையில், எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றைக் கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வணக்கம் டாக்டர். என் கணவர் காலமானபின் வீட்டில் நானும் எங்கள் நாயும் மட்டுமே இருக்கிறோம். இரவில் எனக்கு மயக்கம் வந்து விழுந்தால் நாய் போய் அக்கம்பக்கத்தாரை அழைத்து வந்துவிடும் என்று என் மகன் தைரியம் சொல்கிறான். நம்பலாமா?

அம்மா, அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் இதே கேள்வியைச் சோதித்து வெளியிட்டார்கள். நாயுடன் திறந்த வெளியில் நடந்துவந்த உரிமையாளர், மாரடைப்பு வந்தவரைப் போல் நடித்துக் கீழே விழுந்தார். சற்றுத் தள்ளி வேறொருவர் உட்கார்ந்திருந்தார். மற்றொரு சோதனையில், புத்தக அலமாரி தம்மீது சாய்ந்துவிட்டதாக நடித்து உரிமையாளர் கதறினார். உதவக்கூடிய ஆள் வேறோர் இடத்தில் இருந்தார். இரண்டிலும் ஒரு நாய்கூட அந்த மூன்றாம் மனிதரிடம் போய் உதவி கேட்கவில்லை.

விழுந்தவர் நடிக்கிறார் என்பதை நாய்கள் மோப்பத்தாலேயே அறிந்திருக்கும் என்று இந்த ஆய்வை மறுப்பவர்கள் உண்டு. அந்த மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. மன அழுத்தத்துக்கு ஆளான மனிதரின் வியர்வையையும் மூச்சுக்காற்றையும், அதே மனிதர் அமைதியாக இருந்தபோது எடுத்த மாதிரியிலிருந்து நாய்கள் பிரித்தறிகின்றன என்று பெல்ஃபாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2022இல் காட்டியது. பயிற்சி பெற்ற நான்கு நாய்களும் சேர்ந்து 93.75 விழுக்காடு சரியாகச் சொல்லின. ஆனாலும், நீங்கள் துன்பப்படுகிறீர்கள் என்று உணர்வது வேறு, பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து வந்தால் அந்தத் துன்பம் தீரும் என்று கணக்கிட்டுச் செயல்படுவது வேறு. முன்னது நாய்க்கு இயல்பாக வருகிறது. பின்னது பழக்கினால்தான் வரும்.

ஆகவே அண்டை வீட்டில் ஒரு சாவியைக் கொடுத்து வையுங்கள். கைப்பேசியைப் படுக்கைக்கு எட்டும் உயரத்திலேயே, விழுந்தாலும் கைக்கு அகப்படும்படி வையுங்கள். "குரை" என்ற ஒரு சொல்லுக்குக் குரைக்க நாயைப் பழக்குவது கடினமல்ல. தின்பண்டம் கொடுத்துச் சில வாரங்கள் தொடர்ந்து செய்தால் பெரும்பாலான நாய்கள் கற்றுக்கொள்ளும். நள்ளிரவில் ஓயாத குரைப்பு கேட்டால் கதவைத் தட்டிப் பார்க்கும்படி அண்டை வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: அப்படியானால் நாயின் விசுவாசம் என்று நாம் போற்றுவதெல்லாம் வெறும் சோற்றுக்காகத்தானா? மனம் ஏற்க மறுக்கிறது.

ஏற்க வேண்டாம், அது உண்மையல்ல. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் கேள்விக்கு நேரடியான விடை தருகிறது. எந்தப் பயிற்சியும் பெறாத 60 வீட்டு நாய்கள் அதில் கலந்துகொண்டன. இலேசான கதவு கொண்ட பெரிய பெட்டிக்குள் உரிமையாளர் அடைபட்டு, நாயின் பெயரைச் சொல்லாமல், உதவி கேட்டுத் தவித்தார். 20 நாய்கள் கதவைத் திறந்து அவரை விடுவித்தன. மூன்றில் ஒரு பங்குதானா என்று தோன்றும். ஆனால் அதே பெட்டிக்குள் உணவு போடப்படுவதைப் பார்த்த பிறகு அதைத் திறந்தவை 19 நாய்கள்தாம். அதாவது மற்ற நாய்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெட்டியைத் திறக்கும் வழியே புலப்படவில்லை என்று கொள்ள இடமிருக்கிறது. திறக்கத் தெரிந்த அந்த 19 நாய்களில் 16 நாய்கள் தம் மனிதரையும் விடுவித்தன. உரிமையாளர் உள்ளே அமைதியாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தபோதும் 16 நாய்கள் திறந்தன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அருகில் இருக்க வேண்டும் என்ற ஆசையும் ஒரு காரணம்தான். ஆனால் அவர் தவித்தபோது நாய்களிடம் முனகலும் குரைப்பும் பதற்றமும் அதிகமாக இருந்தன, சோதனையை மீண்டும் மீண்டும் செய்தபோதும் அந்தப் பதற்றம் தணியவில்லை.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த இன்னோர் ஆய்வில், காந்தத்தால் மூடியிருந்த கதவுக்குப் பின்னால் உரிமையாளர் அழுதபோதும், அழாமல் மெல்லப் பாட்டை முனகியபோதும், ஏறக்குறைய பாதி நாய்கள் திறந்தன. வேறுபாடு வேகத்தில் இருந்தது: அழுகையைக் கேட்டுத் திறந்த நாய்கள் பலமடங்கு விரைவாகத் திறந்தன. அழுகையைக் கேட்டும் திறக்காத நாய்களே மிகவும் பதறிப்போயிருந்தன என்பதுதான் என் மனத்தை மிகவும் தொட்ட முடிவு. உதவாத நாயைப் பாசமற்றது என்று நாம் முடிவு கட்டுகிறோம். அதுவோ அச்சத்தில் உறைந்து, என்ன செய்வதென்று அறியாமல் நிற்கிறது.

கேள்வி: சுனாமியின்போது புதுச்சேரிப் பக்கம் ஒரு நாய் சிறுவனைக் காப்பாற்றியதாகக் கேள்விப்பட்டேன். அலை வருவதை நாய் முன்கூட்டியே அறிந்ததா?

புதுச்சேரியை அடுத்த சின்னக்காலாப்பட்டு மீனவக் கிராமத்தின் செல்வக்குமார் என்ற நாயைப் பற்றிக் கேட்கிறீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று அலை வருவதை அறிந்த தாய், இரண்டு இளைய பிள்ளைகளையும் இரு கைகளில் தூக்கிக்கொண்டு, ஏழு வயது மூத்தவன் ஓடிவிடுவான் என்று நம்பி மேட்டை நோக்கி ஓடினார். அவனோ தனக்குப் பாதுகாப்பான இடம் வீடே என்று எண்ணிக் கடலோரக் குடிசைக்குள் நுழைந்துவிட்டான். நாய் அவன் பின்னால் போய், கடித்திழுத்தும் முட்டித் தள்ளியும் அவனை மேட்டுக்கு ஓட்டிச் சென்றது என்று அப்போது செய்திகள் வெளியாயின.

இங்கே முன்னறிவு தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ஊரே அலறிக்கொண்டு ஒரு திசையில் ஓடுகிறது. கூட்டத்தில் ஒருவன் மட்டும் எதிர்த்திசையில் போகிறான். குழுவாக வாழும் விலங்குக்குத் தன் கூட்டம் சிதறுவது பொறுக்காது. அந்த நாய் நாள்தோறும் அவனைப் பள்ளிக்குக் கூட்டிப் போய்த் திரும்பும் வழக்கமுடையது என்றும் செய்தியில் இருந்தது. சிறுவனோடு சேர்ந்து நடப்பதும், விலகினால் அவனைத் தேடிப் போவதும் அதற்கு ஏற்கெனவே பழகிய காரியங்கள். நிலநடுக்கத்தைப் பொறுத்தவரை, முதலில் வந்துசேரும் மெல்லிய அதிர்வலையை விலங்குகள் உணர்ந்து, பெரிய குலுக்கலுக்குச் சில நொடிகள் முன்பே கலவரப்படக்கூடும். அதற்கு மேல், நாட்கணக்கில் முன்கூட்டியே அறிவிக்கும் என்று எண்ணி நாயைப் பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்தானது. அரசின் எச்சரிக்கை வந்தால் நாய் அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாலும் கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: பெட்டிமுடி நிலச்சரிவில் குவி என்ற நாய் குழந்தையின் உடலைக் கண்டுபிடித்தது எப்படி? பயிற்சி பெற்ற நாய்களே இருந்தனவே.

மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் புதைந்தன. 70 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்த தமிழர்கள். அந்தக் குடும்பமொன்றின் நாய் குவி. தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையைக் காணாமல் நாட்கணக்கில் அலைந்த அது, ஆற்றோரத்தில் ஓரிடத்தில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்ததைத் தேடுதல் குழுவினர் கவனித்தார்கள். மரக்கிளைகளுக்கிடையே சிக்கிய குழந்தையின் உடல் அங்கேதான் கிடைத்தது.

காவல்துறையின் மோப்ப நாய்க்கு அந்தக் குழந்தை யாரென்று தெரியாது. இறந்த மனித உடல் எதுவாயினும் அதன் வாடையைக் கண்டால் தெரிவிக்கும்படி அது பழக்கப்பட்டிருக்கிறது. பரந்த சேற்றுவெளியில் வரிசையாகத் தேட அதுவே தகுந்தது. குவி தேடியதோ ஒரே ஒரு வாடையை, பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அது முகர்ந்து பழகிய வாடையை. மனித மூக்கில் வாடையை வாங்கும் செல்கள் சுமார் 50 இலட்சம். நாய்க்கு 20 கோடிக்கும் மேல். வாடை தண்ணீருக்கு அடியிலிருந்தும் மேலெழுந்து காற்றில் பரவும், ஆகவே ஆற்றில் மூழ்கிய உடலையும் கரையில் நிற்கும் நாய் அறியும். குவி உணவைத் தொடாமல் சோர்ந்து கிடந்ததாகவும் செய்திகள் வந்தன. இடுக்கி காவல்துறையின் நாய்ப்படையைச் சேர்ந்த பயிற்சியாளர் ஒருவர் அதைப் பராமரிக்க முன்வந்தார். குவி அறிந்தே அழைத்ததா, அல்லது தன் குழந்தையின் வாடை இருக்கும் இடத்தைவிட்டு அகல மனமின்றி நின்றதா என்று கேட்பார்கள். இரண்டாவது என்றே நான் கருதுகிறேன், அதனால் அந்த நாயின் மீதான என் மதிப்பு இம்மியும் குறையவில்லை. அதன் நிலையைப் படித்துப் பொருள் கண்ட மனிதர்களுக்கும் அந்தக் கண்டுபிடிப்பில் பங்குண்டு.

கேள்வி: இடிபாடுகளில் தேடும் நாய்கள் உயிரோடிருப்பவரைத் தவறாமல் காட்டுமா?

தவறாமல் என்று எந்த நாயைப் பற்றியும் சொல்ல முடியாது. அதனால்தான் இரண்டு நாய்களைப் பயன்படுத்துகிறார்கள். 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்துக்குப் பிறகு நம் தேசியப் பேரிடர் மீட்புப் படை அங்கே சென்றபோது, காஸியான்டெப் மாகாணத்தின் நூர்தாகி நகரில் ஜூலி என்ற லாப்ரடார் இடிபாட்டின் மேல் ஓரிடத்தில் குரைத்தது. உடனே தோண்டாமல், ரோமியோ என்ற மற்றொரு நாயை அனுப்பிப் பார்த்தார்கள். அதுவும் அதே இடத்தில் குரைத்த பின்னரே பணி தொடங்கி, ஆறு வயதுச் சிறுமியை உயிருடன் மீட்டார்கள். தேடும் நாய்க்கு இந்த வேலை ஒரு விளையாட்டு. ஒளிந்திருக்கும் மனிதரைக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும் என்பதே பயிற்சியின் அடிப்படை. நெடுநேரம் தேடியும் யாரும் கிடைக்காவிட்டால் நாய் சோர்ந்துபோகும். 2001 செப்டம்பரில் நியூயார்க் இடிபாடுகளில் அப்படிச் சோர்ந்த நாய்களுக்காக, பயிற்சியாளர்கள் தம் ஆட்களையே ஒளித்துவைத்துக் கண்டுபிடிக்கச் செய்தார்கள்.

கேள்வி: பனிமலையில் செயின்ட் பெர்னார்ட் நாய்கள் கழுத்தில் பிராந்தி சுமந்து மனிதர்களைக் காத்தது உண்மைதானே?

காத்தது உண்மை. 1800 முதல் 1814 வரை வாழ்ந்த பேரி என்ற நாய் நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் காத்ததாக மரபுவழிச் செய்தி. அதன் பாடம் செய்த உடல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிராந்திப் பீப்பாய் ஓர் ஓவியத்திலிருந்து பரவிய கற்பனை. குளிரில் விறைத்தவருக்கு மது கொடுத்தால் தோலின் இரத்தக்குழாய்கள் விரிந்து உடல்வெப்பம் இன்னும் வேகமாக வெளியேறும் என்பதால், யாரும் அதைப் பின்பற்ற வேண்டாம்.

கேள்வி: ஆபத்தில் காக்க எந்த இனம் சிறந்தது? இராஜபாளையம் வாங்கலாமா?

இராஜபாளையமும் கோம்பையும் காவலுக்குப் பெயர்பெற்றவை. சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டைக்காக வளர்க்கப்பட்டவை. இவற்றில் எதுவும் நெருக்கடியில் நீங்கள் விரும்பியபடியே நடக்கும் என்று இனத்தை வைத்து உறுதி சொல்ல முடியாது. தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய்க்கும் உங்களோடு அதே பிணைப்பு ஏற்படும்.

கேள்வி: என் தந்தை வலிப்பு வந்து விழுந்தபோது எங்கள் நாய் அவர்மேல் நின்றுகொண்டு யாரையும் நெருங்கவிடவில்லை. ஆம்புலன்ஸ் ஊழியர் தயங்கி வெளியே நின்றார். இதை எப்படித் தவிர்ப்பது?

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி சொல்கிறேன், ஏனெனில் நாயின் பாதுகாப்புணர்வு உயிருக்கே தடையாகும் தருணம் இதுதான், ஆனால் இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. தந்தை அசைவற்றுக் கிடக்கிறார், வீட்டார் அலறுகிறார்கள், சீருடை அணிந்த அந்நியர்கள் கருவிகளோடு விரைந்து வந்து அவர்மேல் கைவைக்கிறார்கள். நாயின் கண்ணுக்கு இது தாக்குதலாகத்தான் தெரியும்.

108க்கு அழைத்ததும் அடுத்த வேலை நாயை வேறோர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துவது. அந்த வேலை யாருடையது என்று வீட்டில் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். நாயைக் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள்; பதறிய நாய் வளர்த்தவரையும் கடிக்கும். அதற்குப் பிடித்த உணவை எடுத்துக்கொண்டு அந்த அறைக்கு நடந்துபோங்கள். சாதாரண நாட்களிலேயே "அறைக்குப் போ" என்றால் போகும்படி பழக்கியிருந்தால் அந்த நேரத்தில் பெரிதும் உதவும். யாரையேனும் கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

வலிப்புக்கு ஒரு தனி வாடை உண்டு என்பதையும், பழக்கப்பட்ட நாய்கள் அதை அடையாளம் காண்கின்றன என்பதையும் பிரான்சின் ரென் நகர ஆய்வு 2019இல் காட்டியது. உங்கள் நாய் முன்கூட்டியே தந்தையின் அருகில் போய் ஒட்டிக்கொள்கிறதா என்று கவனித்துத் தேதியோடு குறித்துவைத்து, அவருடைய மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை மட்டும் நாயை நம்பிக் குறைக்கக் கூடாது.

கேள்வி: ஒவ்வொரு மழைக்காலத்திலும் எங்கள் பகுதியில் வெள்ளம் வருகிறது. முகாமுக்குப் போகும்போது நாயை என்ன செய்வது?

கூட்டிச் செல்லுங்கள். நாயை விட்டுவர மனமின்றி மக்கள் வீட்டிலேயே தங்கி உயிரிழப்பது உலகெங்கும் நடக்கிறது. 2005இல் கத்ரீனா சூறாவளியின்போது நிகழ்ந்த அத்தகைய துயரங்களுக்குப் பிறகுதான், வெளியேற்றத் திட்டங்களில் வளர்ப்பு விலங்குகளையும் சேர்க்க வேண்டும் என்று 2006இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. உங்கள் பகுதி முகாமில் நாய்க்கு இடம் உண்டா என்று மழைக்கு முன்பே வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் மேட்டுப்பகுதியில் உள்ள உறவினர் வீட்டில் முதல் எச்சரிக்கையிலேயே கொண்டுபோய் விடுங்கள்.

எக்காரணம் கொண்டும் சங்கிலியில் கட்டியபடி விட்டுப்போகாதீர்கள். நீர் ஏறும்போது கட்டப்பட்ட நாய்க்கு நீந்தத் தெரிந்தும் பயனில்லை. கூட்டிச் செல்லவே முடியாத நிலை வந்தால், கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி, சங்கிலியைக் கழற்றி, மாடிப்படிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, மேல்தளத்தில் குடிநீரும் உலர் உணவும் வைத்துப் போங்கள். தடுப்பூசிச் சான்றையும், நாயோடு நீங்கள் நிற்கும் ஒரு படத்தையும் கைப்பேசியில் சேமித்து வையுங்கள். மீட்டவர்களிடம் அது உங்கள் நாய்தான் என்று காட்ட அது உதவும்.