எட்டு விசில் விட்டும் ரெண்டாங் சரியா வரலையா? ஆஸ்திரேலியா கறி வாங்கறதுக்கு முன்னாடி இதப் படிங்க

கேள்வி: நாங்க சேலம் அழகாபுரம். பையன் பினாங்குல வேலை பாக்குறான், லீவுக்கு வர்றான், அங்க சாப்பிடற ரெண்டாங் (தேங்காப்பால்ல கறிய சுண்ட வச்சு செய்யறது) நம்ம வீட்லயும் வேணும்ங்கறான். மட்டன்ல ரெண்டு தடவ செஞ்சு பாத்தேன். மொத தடவ தொடைக்கறி போன்லெஸ்ஸா வாங்கி குக்கர்ல எட்டு விசில், நார் நாரா சக்கையா போச்சு. அடுத்த தடவ ஞாயித்துக்கிழமை காலைல வாங்கிட்டு வந்ததும் ஃப்ரீசர்ல வச்சு புதன்கிழமை செஞ்சேன், ரப்பர். ரெண்டு தடவையும் தேங்காப்பால் வேற திரிஞ்சு எண்ணெயா நின்னுச்சு. வாட்ஸப்ல ஒருத்தர், நம்மூர் கறில ரெண்டாங் வராது, ஆஸ்திரேலியா லாம்ப், அதான் செம்மறிக் குட்டிக் கறி, தர்றேன்னு சொல்றார். வாங்கலாமா?

பதில்: கடைசி கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன்ங்க. வாங்காதீங்க.

ஆஸ்திரேலியா ஆட்டுக்கறி கெட்டதுன்னு சொல்லல. 2022 டிசம்பர் 29ல இருந்து அந்த நாட்டோட போட்ட ஒப்பந்தத்துல ஆட்டுக்கறிக்கு இருந்த 30 சதவீத இறக்குமதி வரியே எடுத்தாச்சு, முறையா கொண்டு வர்றவங்க கொண்டு வர்றாங்க. ஆனா அப்படி வர்ற பாக்கெட் மேல இறக்குமதி பண்ணவங்க பேரு அட்ரஸ், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லைசென்ஸ் நம்பர், தேதி எல்லாம் அச்சடிச்சு இருக்கணும், மைனஸ் 18 டிகிரியிலயே உங்க கைக்கு வரணும். உங்க வாட்ஸப் ஆளு என்ன பண்ணுவாருன்னா வெள்ளை கேரி பேக்ல ஐஸ் கட்டியா ஒரு உருண்டையக் கொண்டாந்து தெர்மாகோல் பெட்டில வச்சுக் குடுப்பாரு, லேபிள் எங்கன்னா பெரிய பெட்டியப் பிரிச்சு பாக்கெட் போட்டோம் மேடம்ம்பாரு. பிரிச்சு பாக்கெட் போட்டா அதுக்கும் லைசென்ஸ் வேணும், லேபிள் வேணும். அது ஆஸ்திரேலியாவா அந்தியூர் சந்தையான்னு சமைச்சப்புறம் ஒருத்தராலயும் சொல்ல முடியாது, அந்த தைரியத்துல தான் இந்த வியாபாரமே நடக்குது.

மேச்சேரி ஆடுன்னு நாடே பேர் சொல்ற செம்மறி நம்ம மாவட்டத்துல தான் இருக்கு, அதுக்குன்னே பொட்டனேரில ஆராய்ச்சி நிலையம் இருக்கு, சேலம் கருப்புன்னு தனி வெள்ளாட்டு இனமே இருக்கு. இத வச்சுக்கிட்டு கடல் தாண்டி வந்த கறிக்கு கூடுதல் காசு குடுக்கறத என்னன்னு சொல்ல. ரெண்டாங் எந்த ஊர் சமையல்னாவது அந்த ஆளுக்குத் தெரியுமான்னு கேட்டுப் பாருங்க. இந்தோனேசியாவோட மேற்கு சுமத்ராவுல இருக்கற மினாங்கபாவ் மக்களோடது, அங்க மாடு, எருமைல தான் பெரும்பாலும் செய்வாங்க, ஆட்டுலயும் செய்வாங்க. லாம்ப் இல்லன்னா வராதுன்னு அந்த ஊர்ல யாரும் சொல்றதில்ல.

சரி, உங்க கறிக்கு என்ன ஆச்சு. நார் நாரா போனது ஒரு வியாதி, ரப்பரா போனது வேற வியாதி, மருந்தும் வேற வேற.

மொத தடவ துண்டு தப்பு. போன்லெஸ் தொடைக்கறில கொழுப்பும் ஜவ்வும் கம்மி, அத குக்கர்ல போட்டு அடிச்சா உள்ள இருக்கற தண்ணியெல்லாம் பிழிஞ்சு வெளிய போயிடும், நார் மட்டும் மிஞ்சும். ரெண்டாங்குக்கு ஜவ்வு உள்ள கறி தான் வேணும். முன்சப்பை, கழுத்து, நல்லி எலும்போட கொஞ்சம். ஜவ்வு 70 டிகிரிக்கு மேல மெதுவா மெதுவாத் தான் கரைஞ்சு வழுவழுன்னு ஆகும், அதுக்கு நேரம் குடுக்கணும். ஸ்டூவுக்கு போன்லெஸ் தான் நல்லதுன்னு கடைக்காரர் சொன்னா அவருக்கு விலை கூடுதல்ங்கறதால சொல்றாரு, அவ்ளோ தான். துண்டு பெருசா, ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டச் சொல்லுங்க, சின்னதா வெட்டினா கடைசில கிண்டும்போது உடைஞ்சிடும்.

ரெண்டாவது தடவ கறி மேல தப்பில்ல, ஃப்ரீசர் மேல தான் தப்பு. ஆட்ட அறுத்து சில மணி நேரத்துல சதை வெறைச்சுக்கும், அது தளர்றதுக்கு குளிர்ச்சியான இடத்துல ஒரு நாளாவது ஆகும். வெளிநாட்டுல கறி மெத்துன்னு இருக்குன்னு சொல்றாங்களே, அதுல பாதி இந்த ஒரு நாள் ரெண்டு நாள் ஆற வைக்கற சமாச்சாரம் தான். நாம காலைல ஆறு மணிக்கு அறுத்தத ஏழு மணிக்கு வாங்கி எட்டு மணிக்கு ஃப்ரீசர்ல போட்டுடறோம், சதை வெறைக்கறதுக்கு முன்னாடியே உறைஞ்சு போயி, வெளிய எடுத்து ஐஸ் விடும்போது சுருண்டு இழுத்துக்கும், அப்புறம் எத்தன விசில் விட்டு என்ன. வாங்கிட்டு வந்ததும் கழுவாம மூடி போட்ட பாத்திரத்துல ஃப்ரிட்ஜோட கீழ் தட்டுல ஒரு நாள் வைங்க. மறுநாள் சமைங்க.

இதெல்லாம் வாங்கறவங்க தலைல ஏன் விழுதுன்னா, சட்டப்படி டவுனுக்குள்ள லைசென்ஸ் உள்ள அறுவைக்கூடத்துல தான் அறுக்கணும், 2001லயே ரூல் வந்தாச்சு, கால்நடை டாக்டர் பாத்து சீல் வைக்கணும். ஞாயித்துக்கிழமை ரோட்டோரம் தொங்கற ஆட்டுல எத்தனைக்கு நீங்க சீல் பாத்திருக்கீங்க? ஆபீஸ்ல கேக்கப் போனா அந்த செக்ஷன் இல்ல இந்த செக்ஷன்ம்பாங்க. இதுல கறிய ஆற வச்சு வித்தா நல்லதுன்னு யார் கிட்ட போய் சொல்றது, குளிர் அறை வச்சு மறுநாள் வித்தா பழசுன்னு ஜனங்களே வாங்க மாட்டாங்க.

அப்புறம் பப்பாளிப் பவுடர், கறி மெதுவாக்கும் பவுடர்னு விக்கறத தொடாதீங்க. மேல் தோல் கூழாகும், உள்ள அப்படியே இருக்கும்.

இப்ப தேங்காப்பால். திரிஞ்சு எண்ணெய் நின்னுச்சுன்னு கவலப்பட்டீங்கள்ல, ரெண்டாங்குக்கு அது நடந்தே ஆகணும்ங்க. மொதல்ல பால்ல கறி வேகும், அப்ப அது குழம்பு மாதிரி இருக்கும், அதுக்கு குலாய்னு பேரு. பால் சுண்டி கெட்டியானா காலியோ. அதையும் தாண்டி தண்ணி பூரா வத்தி, பிரிஞ்ச தேங்கா எண்ணெயிலயே கறி பொரிஞ்சு கருப்பா ஆகறப்ப தான் ரெண்டாங். நீங்க காலியோவுக்கும் முன்னாடியே பயந்து அடுப்ப அணைச்சிருப்பீங்க. ஒரு கிலோ கறிக்கு மூணு பெரிய தேங்கா, மொதப் பாலும் ரெண்டாம் பாலும் சேத்தே. பாக்கெட் தேங்காப்பால் வேணாம், பிரியாம இருக்கறதுக்குன்னே அதுல ஏதாவது சேத்திருப்பாங்க. அடி கனமான இரும்புச் சட்டி, சின்னத் தீ, மூடாம ரெண்டரை மூணு மணி நேரம். கடைசி அரை மணி நேரம் பக்கத்துலயே நின்னு கிண்டணும், டிவி பாக்கப் போனா அடி பிடிக்கும். குக்கர் இந்த வேலைக்கு ஆகாது, மூடி போட்டா தண்ணி எங்க வத்தும்.

ஏற்காட்டுக்காரங்களுக்கு மட்டும் ஒண்ணு சொல்லணும், ஹோம் ஸ்டே நடத்தறவங்க அடிக்கடி கேக்கறாங்க, நீங்களும் பையனக் கூட்டிட்டு மேல போயி அங்க சமைக்கற ஐடியா இருந்தா இத கவனிங்க. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், அங்க தண்ணி சுமார் 95 டிகிரிலயே கொதிச்சிடும், கீழ சேலத்துல 99 கிட்ட. கொதிக்குதேன்னு நினைப்பீங்க, ஆனா சட்டிக்குள்ள சூடு கம்மி, ஜவ்வு கரைய நேரம் பிடிக்கும். தீயக் கூட்டினா சூடு ஏறாது, தண்ணி தான் சீக்கிரம் வத்தும், கறி வேகறதுக்குள்ள பால் சுண்டிப் போயிடும், அதனால அங்க தீயக் கூட்டாம ஒரு டம்ளர் ரெண்டாம் பால் கூட ஊத்தி அரை மணி நேரம் கூட வைங்க. சாதா மட்டன் குழம்ப குக்கர்ல வைக்கறதா இருந்தா வித்தியாசம் கம்மி தான், ஆனாலும் மலைல வெளிக்காத்தோட அழுத்தம் கம்மி, அதுக்கு மேல தான் குக்கர் வெய்ட் அழுத்தத்தச் சேக்குதுங்கறதால அதுலயும் அஞ்சு நிமிஷம் கூட்டிக்கலாம். பால் சுண்டி எண்ணெய் நின்னப்புறம் மலையும் ஒண்ணு தான் கீழயும் ஒண்ணு தான், எண்ணெயோட சூடு 100ஐ தாண்டிடும்.

மசாலாவுக்கு அலையாதீங்க. எலுமிச்சம்புல் நர்சரில கிடைக்கும், ரெண்டு தண்டு நசுக்கிப் போடுங்க. பேரரத்தை நாட்டு மருந்துக் கடைல கேளுங்க, காஞ்சதா இருந்தா ஒரு சின்னத் துண்டு போதும், கூடினா கஷாயம் வாசம் வந்துடும். மஞ்சள் இலையும் போடுவாங்க, பொங்கல் சமயத்துல மஞ்சள் கொத்து வாங்கினா இலையத் தூக்கிப் போடாம ரெண்டு எடுத்து வைங்க, இப்ப கிடைக்கலன்னா விட்டுடுங்க. நார்த்தை இலை ரெண்டு கிள்ளிப் போட்டா பையன் அங்க சாப்பிடறதோட வாசம் கிட்டத்தட்ட வரும். உப்ப மட்டும் ஆரம்பத்துலயே முழுசா போடாதீங்க, இவ்ளோ வத்தினப்புறம் கரிக்கும்.

பையன் வர்றதுக்கு மொத நாளே செஞ்சு ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க. சுமத்ராவுல வெளியவே பல நாள் வச்சுக்குவாங்கன்னு வீடியோவுல சொல்றதக் கேட்டு நம்ம வெயில்ல வெளிய வைக்க வேணாம். திரும்ப சூடு பண்றப்ப தண்ணி தெளிக்காம அதே இரும்புச் சட்டில சின்னத் தீல பிரட்டினா போதும்.