டெர்மினல் பூத்துப்போச்சா? கேளுங்க, சொல்றேன்

கார் எலெக்ட்ரிக்கல் வேலைதான் என் தொழில். பேட்டரி டெர்மினல், அதாவது பேட்டரியில் ஒயர் மாட்டும் முனை, அதில் பூக்கும் படிவு பற்றி வந்த கேள்விகளில் எல்லோருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முதல் கேள்வியை மட்டுமாவது முழுசாகப் படித்துவிடுங்கள். புது பேட்டரிக்கான காசு மிச்சமாகலாம்.

கேள்வி (செங்கல்பட்டு): அண்ணே, சாவி திருப்பினா 'டிக்'னு ஒரு சத்தம் மட்டும் வருது, செல்ஃப் எடுக்கல. ஆனா ஹார்ன் அடிக்குது, லைட் எரியுது. கடையில பேட்டரி போச்சுங்கிறாங்க. வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகல. பிளஸ் டெர்மினல் மேல நீலமா ஏதோ படிஞ்சிருக்கு.

பதில்: தம்பி, இப்போதைக்குப் பணத்தை எடுக்காதீங்க. ஹார்னுக்கும் லைட்டுக்கும் சில ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டார் அப்படியில்லை, 100, 150 ஆம்பியர் என்று இழுக்கும். பேட்டரி மேல் நிற்கும் ஈய முனைக்கும் (போஸ்ட்) அதைக் கவ்விப் பிடிக்கும் ஒயர் முனைக்கும் (கிளாம்ப்) நடுவே அந்தப் படிவு வெறும் 0.01 ஓம் தடை கொடுத்தாலே, 150 ஆம்பியரில் 1.5 வோல்ட் அந்த இடத்திலேயே போய்விடும். தடை இன்னும் கொஞ்சம் ஏறினால் மோட்டார் சுழலாது. பேட்டரி நல்லா இருந்தாலும் இதே 'டிக்'தான் கேட்கும்.

சந்தேகம் தீர ஒரு வழி இருக்கு. மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்க. ஒரு முனை போஸ்டின் ஈயத் தலையில், இன்னொன்று அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில். வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு டெர்மினலில்தான். மைனஸ் பக்கமும் இதே மாதிரி பாருங்க. இரண்டும் சரியாக இருந்து, பிளஸ் போஸ்டுக்கும் மைனஸ் போஸ்டுக்கும் நடுவே செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பேட்டரியை சார்ஜ் ஏற்றி மறுபடி பாருங்க. அப்பவும் இறங்கினால்தான் கடைக்காரர் சொன்னது சரி.

கேள்வி (கரூர்): ஒரு வண்டியில வெள்ளையா இருக்கு, இன்னொன்னுல நீலப்பச்சையா இருக்கு. ரெண்டும் ஒண்ணா?

பதில்: இரண்டுக்கும் காரணம் பேட்டரிக்குள் இருக்கும் கந்தக அமிலம்தான். ஈயத்தைத் தின்றால் வெள்ளை. கிளாம்ப்பில் இருக்கும் பித்தளையையோ ஒயரின் செம்பையோ தின்றால் நீலம், அதாவது மயில்துத்தம். நீலம் கண்டால் ஒயருக்குள்ளும் எட்டிப் பாருங்க.

கேள்வி (திருநெல்வேலி): ஐயா, நானே கழட்டிச் சுத்தம் பண்ணணும்னு நினைக்கிறேன். வீட்ல வேற யாரும் இல்ல, இதுவரைக்கும் ஸ்பேனரே பிடிச்சதில்ல. பயமா இருக்கு. எங்க ஆரம்பிக்கிறது?

பதில்: தாராளமாகச் செய்யலாம் அம்மா. வளையல், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். கார் சாவி உங்கள் கையிலேயே இருக்கட்டும். உள்ளே விட்டால், திரும்ப இணைக்கும்போது சில வண்டிகளில் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். எரியும் எதையும் அருகில் கொண்டுவராதீர்கள். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் ஒரு பொறி பட்டால் வெடிக்கும்.

பெரும்பாலான வண்டிகளுக்கு 10ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். முதலில் மைனஸ், பிறகு பிளஸ். இந்த வரிசையை மாற்றவே கூடாது. மைனஸ் வண்டியின் பாடியோடு சேர்ந்திருக்கிறது. அது இணைந்திருக்கும்போது பிளஸ் நட்டில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டால், அப்படியே ஷார்ட். ஸ்பேனர் பழுத்துவிடும்.

நட்டைத் தளர்த்தியும் கிளாம்ப் வரவில்லையென்றால் சுத்தியலால் தட்டாதீர்கள். போஸ்ட் அசைந்தால் அடியில் இருக்கும் சீல் விட்டு, அமிலம் கசியத் தொடங்கும். இளஞ்சூடான தண்ணீர் ஊற்றி, ஸ்குரூ டிரைவரால் கிளாம்ப்பின் இரண்டு காதையும் (போல்ட் இறுக்கிச் சேர்க்கும் இரண்டு முனைகள்) லேசாக விரித்து, இப்படியும் அப்படியும் திருப்பி மேலே எடுங்கள்.

ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு பெரிய ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். ஈனோ போட்ட மாதிரி நுரைக்கும். நுரை நின்றால் அமிலம் தீர்ந்தது. பேட்டரி மூடிகள் இறுக்கமாக மூடியிருக்க வேண்டும், ஏனென்றால் சோடா உள்ளே போனால் அமிலத்தைக் கெடுத்துவிடும். நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, முழுக்கக் காயவிடுங்கள். பிறகு உப்புத்தாளால் போஸ்டையும் கிளாம்ப்பின் உள்பக்கத்தையும் லேசாகத் தேயுங்கள். மங்கலான சாம்பல் நிறம் போய் ஈயம் வெள்ளியாக மின்ன வேண்டும். அந்த மினுமினுப்பு வந்த இடம்தான் கரண்ட் பாயும் இடம்.

மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். கையால் திருப்பினால் அசையாத அளவு இறுக்கினால் போதும். ஈயம் மெத்தென்றது, பலத்தைக் காட்டாதீர்கள்.

கேள்வி (ஓசூர்): கோக் ஊத்தினா போயிடும்னு வீடியோல பார்த்தேன்.

பதில்: போகும். ஆனால் அதுவும் அமிலம்தான், சர்க்கரைப் பிசுக்கு வேறு ஒட்டும். ஆப்ப சோடா இருக்கும்போது அது எதற்கு?

கேள்வி (திருச்சி): சார், கிளாம்ப்போட ரெண்டு காதும் முட்டிக்கிச்சு, இன்னும் லூசா இருக்கு. மெக்கானிக் ஒரு ஆணியைச் சொருகி விட்டுட்டார். புது டெர்மினல் வாங்கினேன், அதுவும் சேரல.

பதில்: ஆணியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். இரும்பு சீக்கிரமே துருப்பிடிக்கும், தொடும் பரப்பும் ஒரு கோடு அளவுதான்.

புது டெர்மினல் (கிளாம்ப்பைத்தான் இப்படிச் சொல்கிறோம்) சேராததற்குக் காரணம் அளவு. நம் ஊரில் இரண்டு வகை போஸ்ட் ஓடுகிறது. ஜப்பான் முறையில் வரும் மெல்லிய வகைக்கு அடிப்பகுதியில் பிளஸ் 14.7 மி.மீ., மைனஸ் 13 மி.மீ. தடித்த வகைக்கு 19.5, 17.9. எந்த வகையானாலும் பிளஸ் சற்றுத் தடிமன். அதனால் பிளஸ் கிளாம்ப்பை மைனஸில் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் ஆடும். பழைய டெர்மினலைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், பிளஸ் மைனஸ் சொல்லி வாங்குங்கள். ஈயமோ, ஈயம் பூசிய பித்தளையோ வாங்கலாம். தகடு மாதிரி வளையும் மலிவு ரகம் வேண்டாம்.

கேள்வி (அதே திருச்சி நண்பர்): பழைய டெர்மினல் ஒயரோட சேர்த்து வார்த்திருக்கே, வெட்டலாமா?

பதில்: கிளாம்ப் விரிசல் விட்டிருந்தாலோ, போல்ட் மரை தேய்ந்திருந்தாலோ வெட்டலாம். ரப்பரை உரித்ததும் செம்புக் கம்பிகளைப் பாருங்கள். கறுத்தோ பச்சையாகவோ இருந்தால், பளபளக்கும் செம்பு வரும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஒயர் எட்டாமல் போனால் ஒட்டுப்போடாதீர்கள், முழு கேபிளையும் மாற்றுங்கள். புது முனையில் லக்ஸ் (ஒயர் நுனியில் மாட்டும் உலோகக் குப்பி) வைத்து கிரிம்ப் செய்ய, அதாவது அழுத்தி நசுக்கிப் பிடிக்க, பெரிய கிரிம்பிங் டூல் வேண்டும். அதை மட்டும் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடையில் செய்துகொள்வது நல்லது. ஒயரை இரண்டு போல்ட்டுக்கு அடியில் நசுக்கிப் பிடிக்கும் வகை வழியில் நின்ற வண்டிக்கு ஆகும். நிரந்தரமாக விடாதீர்கள், திறந்து கிடக்கும் செம்பு மறுபடி பூக்கும்.

கேள்வி (தூத்துக்குடி): சுத்தம் பண்ணி ஒரு மாசத்துல திரும்ப பூத்துடுது அண்ணே.

பதில்: அப்படியானால் துடைப்பது வைத்தியமே இல்லை. அமிலம் எங்கிருந்தோ வருகிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் வோல்ட் பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை சரி. 15ஐத் தொட்டால் ஆல்டர்னேட்டர் (ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது) ரெகுலேட்டர், அதாவது அதன் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பாகம், போயிருக்கிறது. அதிக சார்ஜில் அமிலம் கொதித்து ஆவி வரும். வோல்ட் சரியென்றால், டிஸ்டில்டு வாட்டரை மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுகிறீர்களா என்று பாருங்கள். அதுவும் இல்லையா? போஸ்டின் அடியைத் துடைத்து இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அங்கே மட்டும் ஈரம் தெரிந்தால் சீல் போய்விட்டது. வாரண்டி இருக்கும்போதே கடையில் காட்டுங்கள்.

கேள்வி (ஈரோடு): கிரீஸ் முன்னாடி தடவணுமா, பின்னாடியா?

பதில்: மாட்டி இறுக்கிய பிறகு, வெளிப்பக்கம் முழுக்க மெல்லியதாக. வாசலின் போதும்.

கேள்வி (கோவை): என் வண்டியில மைனஸ் டெர்மினல் மேலயே ஒரு சின்னப் பெட்டி, அதுல ஒரு கனெக்டர்.

பதில்: அது பேட்டரி சென்சார். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி (சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணைந்து, கிளம்பும்போது தானாக ஓடுவது) உள்ள வண்டிகளில் வரும். அதை வெட்டிச் சாதா டெர்மினல் போட்டுவிடாதீர்கள், ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாது, சார்ஜ் கணக்கும் கெடும். அந்தப் பெட்டியில் தண்ணீர் படாமல் சுத்தம் மட்டும் செய்யுங்கள். கிளாம்ப் உடைந்திருந்தால் அந்த வண்டிக்கான பாகத்தையே வாங்க வேண்டும். சில வண்டிகளில் பிளஸ் மேல் பியூஸ் பெட்டி இருக்கும், அதற்கும் இதேதான்.

கேள்வி (மதுரை): வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் இதே முறையா?

பதில்: சுத்தம் செய்வது இதே முறைதான். ஆனால் முதலில் இன்வெர்ட்டரை ஆஃப் செய்து, சுவர் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். அறையில் ஜன்னல் திறந்திருக்கட்டும். கழுவிய தண்ணீரில் ஈயம் இருக்கும், குழந்தைகள் புழங்கும் இடத்தில் ஊற்றாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): ஐயா, செஞ்சு முடிச்சுட்டேன், ஒரே தடவையில ஸ்டார்ட் ஆயிடுச்சு! ஆனா டிரைவர் பக்கக் கண்ணாடி ஒரு தட்டுல மேல ஏற மாட்டேங்குது.

பதில்: ரொம்ப சந்தோஷம் அம்மா. பேட்டரி கழன்றதில் அது தன் நினைவை இழந்திருக்கிறது. கண்ணாடியை முழுக்க இறக்கி, மறுபடி முழுக்க ஏற்றி, ஏறிய பிறகும் சுவிட்சைச் சில நொடி பிடித்திருங்கள். பெரும்பாலான வண்டிகளில் இதிலேயே சரியாகிவிடும். கடிகாரத்தையும் திருத்திவிடுங்கள்.