'பேல் அப்' ஆவதும் காக்காய் பிடிப்பதும்

கேள்வி: ஓர் ஆங்கிலக் கதையில் "தே பேல்ட் அப் ஆன் தி ட்ரெய்ன்" என்று வந்தது. நண்பர்கள் ஆனார்கள் என்று ஊகித்தேன். சரிதானா? 'அப்' எதற்கு? புதியவர்களோடு சீக்கிரம் பழகிவிடுவேன் என்று வேலை விண்ணப்பத்தில் எழுத இதைப் பயன்படுத்தலாமா?

பதில்: ஊகம் சரிதான். ரயிலில் பேச்சுக் கொடுத்து, இறங்குவதற்குள் சிநேகிதம் ஆகிவிட்டார்கள். பேனா நண்பர் என்கிறோமே, அந்த 'பென் பேல்'-இல் வரும் 'பேல்'தான் இது. ரோமானி மொழியில் சகோதரனைக் குறித்த சொல் 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. சமஸ்கிருத 'பிராதா'வுக்கு அது தூரத்துச் சொந்தம்.

'அப்' என்றதும் 'மேலே' என்று தேடவேண்டாம். 'டீம் அப்', 'பேர் அப்' போல, தனித்தனியாக இருந்தவர்கள் ஒன்றாகிவிட்டதை அது காட்டுகிறது. 'சேர்ந்துகொண்டார்கள்' என்பதில் 'கொண்டார்கள்' செய்யும் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யாரோடு என்று சொல்லும்போது 'வித்' கட்டாயம்: "ஐ பேல்ட் அப் வித் ஹர்". 'பேல்ட் ஹர் அப்' என்று ஆளை நடுவில் நுழைக்கக் கூடாது. இருவரையும் முன்னாலேயே சொல்லிவிட்டால், நீங்கள் படித்த வாக்கியத்தைப் போல, 'வித்' வேண்டாம்.

இந்த 'வித்'தைக் கொஞ்சம் கவனியுங்கள். 'பட்டி'யும் 'பேல்' போல நண்பனைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல்தான். அமெரிக்கர்கள் 'பட்டி அப் வித்' என்றால் ஒருவரோடு ஜோடி சேர்வது. அதையே 'பட்டி அப் டு' என்றால் காரியம் ஆகவேண்டி ஒட்டிக்கொள்வது, அதாவது காக்காய் பிடிப்பது. "ஷி பட்டீட் அப் டு தி மேனேஜர்" என்று ஒரு பெண்ணைப் பற்றி எழுதினால், மேலாளரிடம் குழைந்தாள் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். 'கோஸி அப் டு'வும் அப்படித்தான். 'வித்'தில் இரண்டு பேரும் சமம்; 'டு'வில் ஒருவர் மற்றவரை நோக்கி நகர்கிறார், பெரும்பாலும் ஒரு கணக்கோடு. நல்ல மனதோடு எழுதிய வாக்கியம் அடுத்தவர்மேல் பழியாக விழக் கூடாது அல்லவா, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

'பேல் அரவுண்ட் வித்' என்பது சேர்ந்து சுற்றுவது. யாரோடு என்பதைப் பொறுத்து அதுவும் குற்றச்சாட்டாக மாறும். 2008 அமெரிக்கத் தேர்தலில் எதிர்க்கட்சியின் துணை அதிபர் வேட்பாளரான சாரா பேலின், ஒபாமா பயங்கரவாதிகளோடு பழகுகிறார் என்று சாட இதைத்தான் பயன்படுத்தினார்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். அங்கே 'பேல் அப்' வேண்டாம், அது பேச்சுவழக்கு. 'மேக் ஃப்ரெண்ட்ஸ் வித்' எங்கும் பொருந்தும், ஆனால் ஒரே ஒருவரோடு என்றாலும் 'ஃப்ரெண்ட்ஸ்' பன்மைதான். 'மேக் ஃப்ரெண்ட் வித் ஹிம்' நம்மவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. 'பிஃப்ரெண்ட்' கொஞ்சம் எழுத்துநடை. அதற்கு 'வித்' கிடையாது, "ஐ பிஃப்ரெண்டட் ஹிம்", அவ்வளவுதான். தனியாக நிற்பவருக்குத் துணையாகப் போய்ப் பழகுவது என்ற கனிவும் பல நேரம் அதில் இருக்கும்.

ஆனால் வேலை தருபவர் தெரிந்துகொள்ள விரும்புவது நீங்கள் எத்தனை நண்பர்களைப் பிடிப்பீர்கள் என்பதை அல்ல, கூட வேலை செய்பவர்களோடு ஒத்துப்போவீர்களா என்பதை. எனவே இப்படி எழுதுங்கள்: "ஐ செட்டில் இன் குவிக்லி அண்ட் கெட் ஆன் வெல் வித் நியூ காலீக்ஸ்."