வாசகர் கேள்வி – பதில்: மெற்றல் உடைக்கும் பொறியும் செம்புச் சுரங்கமும்

மின்கம்பிக்குள் இருக்கும் செம்பு எங்கிருந்து வருகிறது என்று கடந்த இதழில் எழுதிய சிறு குறிப்பில், "உலகின் பெரிய செம்புச் சுரங்கங்கள் உண்மையில் கல்லுடைக்கும் ஆலைகளே" என்று ஒரு வரி இருந்தது. ஒரு தொன் தாதுவில் ஆறு கிலோ அளவே செம்பு இருக்கும் என்றும் அதில் சொல்லியிருந்தோம். அந்த வரிகளைப் பிடித்துக்கொண்டு வன்னியிலிருந்து வந்த கடிதங்களுக்கே இம்முறை இப்பகுதியை ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பதினொரு வருடமாகக் கல் குவாரியில் கிறஷருக்குக் கல் கொட்டும் வேலை செய்கிறேன். செம்புச் சுரங்கத்தில் கல்லை உடைப்பதும் எங்களிடம் இருப்பதைப் போன்ற தாடைக் கிறஷர்தானா? (ஒரு தொழிலாளி, ஓமந்தை)

பதில்: ஒரே குடும்பம்தான், அதிலும் உங்களிடம் இருப்பதுதான் மூத்த பிள்ளை. அமெரிக்காவின் நியூஹேவன் நகரைச் சேர்ந்த ஈலை விட்னி பிளேக் என்பவர் 1858 ஆம் ஆண்டில் தாடைக் கிறஷருக்குக் காப்புரிமை பெற்றபோது, அவருடைய கவலை சுரங்கத்தைப் பற்றியதாக இருக்கவில்லை. தமது ஊரில் வீதியொன்றுக்கு மெற்றல் (உடைத்த கல்) போடும் பணியை மேற்பார்வை செய்யப் பொறுப்பேற்றவர், கூலியாட்கள் சுத்தியலால் கல் தட்டுவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைக் கண்டு, அந்த வேலையைச் செய்ய ஒரு பொறியை அமைத்தார். சுரங்கக்காரர்கள் அதனைப் பிற்பாடு வீதிக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். வீதியோரத்தில் கிடுகு நிழலின் கீழ் இருந்து கல் தட்டிய பெண்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, பிளேக் என்ன கண்டார் என்பதை விளக்க யாரும் தேவையில்லை.

சிறிய சுரங்கங்களிலும், நிலத்துக்கு அடியில் வேலை நடக்கும் சுரங்கங்களிலும் தாடைக் கிறஷர் இன்றும் பயன்படுகிறது. ஆனால் சிலியின் எஸ்கொன்டிடா, அமெரிக்காவின் பிங்ஹாம் கன்யன் போன்ற திறந்தவெளிச் சுரங்கங்களில் கல்லைக் கொண்டுவரும் பாரவண்டிகளின் அளவே வேறு. அவ்வகையில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான கட்டர்பிலர் 797எஃப் ஒரு தடவையில் 363 தொன் சுமக்கும். உடைத்த கல் ஒரு கியூப் (நூறு கன அடி) ஏறத்தாழ நாலேகால் தொன் என்று கொண்டால், உங்கள் குவாரிக்கு வரும் மூன்று கியூப் டிப்பர்கள் 28 சேர்ந்து சுமப்பதை அந்த ஒரு வண்டி சுமந்து வருகிறது. தாடைக் கிறஷரின் அடிப்படைக் குறை இங்கேதான் வெளிப்படுகிறது: அசையும் தாடை முன்னே வரும்போது மட்டும் கல் நொறுங்குகிறது, அது பின்னே போகும் நேரம் வீணாகப் போகும் நேரம்.

ஆகவே அங்கே முதல் உடைப்புக்கு வைத்திருப்பது கைரேற்றரி கிறஷர். அதனை விளங்கிக்கொள்ள வீட்டு ஆட்டுக்கல்லை நினைத்துக்கொண்டால் போதும். குழியின் இடத்தில் உருக்குத் தகடு பதித்த பெரிய கிண்ணம். குழவியின் இடத்தில், மேலே ஒடுங்கிக் கீழே விரிந்த உருக்குக் கூம்பு. ஆட்டுக்கல்லில் குழவி உருண்டு தேய்த்து அரைக்கும். இங்கே கூம்பின் அடிப்பக்கம் மையம் விலகி வட்டமிடுவதால், அது சுவரின் ஒரு பக்கத்தை நெருக்கும்போது எதிர்ப்பக்கத்தில் வழிவிடுகிறது. நெரிந்த கல் அந்த வழியால் கீழே இறங்க, மறுபுறத்தில் நெரிப்பு தொடர்கிறது. எந்த நொடியிலும் எங்கோ ஓரிடத்தில் கல் உடைந்துகொண்டே இருக்கும். பெரிய கைரேற்றரியின் வாய் ஒன்றரை மீற்றர் அகலமானது. உள்ளே விழும் பாறை இருபது சென்ரிமீற்றருக்கும் குறைந்த துண்டுகளாக வெளியேறும். மணித்தியாலத்துக்குப் பல ஆயிரம் தொன்.

உங்கள் தாடைத் தகட்டின் பற்கள் தேய்ந்து, வெள்ளிபோலப் பளபளப்பதைக் கண்டிருப்பீர்கள். ரொபேர்ட் ஹாட்ஃபீல்ட் 1882 இல் உருவாக்கிய மங்கனீசு உருக்கு அது. ஏறக்குறைய 12 சதவீதம் மங்கனீசு சேர்ந்தது. அடி விழ விழ மேற்பரப்பு இறுகிக்கொண்டே போகும் என்பதால்தான் கல்லுக்கு முன்னால் நிற்கிறது. சுரங்கக் கிறஷர்களிலும் அதுவே பயன்படுகிறது. ஆனால் அதற்குள் ஒரு சூட்சுமம் உண்டு. பெக்கோ வாளியின் பல் கழன்று கல்லோடு கல்லாகப் போய்விட்டால், உங்கள் பொறியில் அசையும் தாடையைப் பின்னாலிருந்து தாங்கும் டொகிள் தகடு முறிந்து மற்றவற்றைக் காப்பாற்றிவிடும். அடுத்த கட்டக் கூம்புக் கிறஷருக்குள் அத்தகைய இரும்பு போனால் சேதம் பெரிது. ஆகவே கல்லைச் சுமந்து ஓடும் பட்டியின் மேல் பெருங் காந்தத்தைத் தொங்கவிட்டு இரும்பைப் பிடிப்பார்கள். மங்கனீசு உருக்கைக் காந்தம் பிடிக்காது. அதனால் காந்தத்துடன் நில்லாமல், கண்ணிவெடி அகற்றுவோர் கையில் எமது வயல்களில் பார்த்துப் பழகிய உலோகம் உணரும் கருவியையும் பட்டியின் குறுக்கே பொருத்துகிறார்கள். அது ஒலித்தால் பட்டி நிற்கும்.

கேள்வி: ஒரு தொன் தாதுவில் ஆறு கிலோ செம்புதான் என்றால், மீதி 994 கிலோவையும் ஏன் மாவாக அரைக்க வேண்டும்? செம்புள்ள துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் என்ன? (உயர்தர மாணவி, கிளிநொச்சி)

பதில்: மகளே, கச்சான் அல்வாவில் கச்சானைப் பொறுக்கலாம்; ரொட்டியில் போட்ட உப்பைப் பொறுக்க முடியாது. பெரும்பாலான செம்புத் தாது இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. சால்கோபைரைற்று என்னும் செம்புக் கனிப்பொருள், ஒரு மில்லிமீற்றரிலும் சிறிய மணிகளாகப் பாறை முழுவதும் தூவப்பட்டிருக்கும். அந்த மணியைச் சுற்றியிருக்கும் கல் விலகினால்தான் அதனைப் பிரிக்கலாம்; கல் விலகுவதற்கு முழுப் பாறையும் ஏறத்தாழ மணியின் பருமனுக்கே அரைபட்டாக வேண்டும்.

மேலே ஓமந்தை அன்பரின் தொழிலுக்கும் சுரங்கத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். முக்கால் அங்குல மெற்றல் வேண்டுமென்றால் அவர் அந்த அளவில் நிறுத்துவார். அதற்குக் கீழே போகும் தூள் அவருக்கு மலிந்த பொருள். சுரங்கக்காரருக்கோ கல்லின் பருமனில் எந்த அக்கறையும் இல்லை. கிறஷரிலிருந்து வந்த கல்லை நீருடன் சேர்த்துச் சுழலும் பேருருளைக்குள் விட்டு, 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர் வரையான துகள்கள் கொண்ட குழம்பாக்குகிறார்கள். முதல் உருளையில் பெரிய கற்கள் தாமே மேலேறி விழுந்து சிறிய கற்களை நொறுக்குவதும் உண்டு; உடன் சில உருக்குக் குண்டுகளையும் போடுவார்கள். ஆஸ்திரேலியாவின் கேடியா சுரங்கத்தில் 1998 இல் இயங்கத் தொடங்கிய அத்தகைய உருளையின் விட்டம் 40 அடி, மோட்டரின் வலு 20 மெகாவாற். அந்த வலுவைக் கடத்தப் பற்சக்கரம் கிடையாது. உருளையைச் சுற்றியே மோட்டர் கட்டப்பட்டிருக்கிறது, உருளையே அதன் சுழலும் பாகம்.

கணக்கைப் பாருங்கள். 0.6 சதவீதத் தாதுவில் 88 சதவீதச் செம்பு கைக்கு வருவதாகக் கொண்டால், ஒரு தொன் செம்புக்கு ஏறத்தாழ 190 தொன் தாதுவை அரைக்க வேண்டும். கிறஷரில் உடைக்கத் தொன்னுக்கு ஓரிரு அலகு மின்சாரமே போதும். அரைப்பதற்குப் பத்துப் பதினைந்து அலகு வேண்டும். பதினைந்து என்று கொண்டால் ஒரு தொன் செம்புக்கு அரைப்புக்கு மட்டும் 2,850 அலகு. மாதம் 90 அலகு எரிக்கும் வீடொன்றுக்கு அது இரண்டரை வருடத்துக்கு மேல் காணும். அதிலும் கல்லைப் பிளப்பதற்கு உண்மையில் பயன்படுவது மிகச் சிறிய பங்கு. எஞ்சியது வெப்பமாகவும் சத்தமாகவும் போய்விடுகிறது, உருளையிலிருந்து வெளிவரும் குழம்பு வெதுவெதுப்பாக இருப்பதும் அதனாலேதான். இந்த விரயத்தைக் குறைக்க, கரும்பு பிழியும் இரட்டை உருளைகளைப் போல இரு பெரும் உருளைகளுக்கிடையே கல்லை மிகுந்த அழுத்தத்தில் நெரிக்கும் முறையைப் பெரு நாட்டின் செரோ வேர்டே செம்புச் சுரங்கம் 2006 இல் தொடங்கிய ஆலையில் கையாண்டது.

அரைத்த பின்னுள்ள கதை உங்கள் இரசாயனவியல் பாடத்திலேயே இருக்கிறது. குழம்பில் காற்றை ஊதினால், மருந்திட்ட கனிப்பொருள் மணிகள் நுரையோடு மேலே மிதக்கும், கல் அடியில் தங்கும். வழித்தெடுத்த நுரை உலர்ந்தால் அதில் 25 முதல் 30 சதவீதம் செம்பு. உருக்கி, மின்பகுப்புச் செய்தால் 99.99 சதவீதம்.

கேள்வி: அப்படியானால் அரைத்த கல் முழுவதும் எங்கே போகிறது? (ஒரு விவசாயி, முத்தையன்கட்டு)

பதில்: குளத்துக்குப் போகிறது என்று சொன்னால் பொய்யாகாது. நுரையில் எடுப்பது நூற்றுக்கு இரண்டு பங்கு. மீதி 98 பங்கும் சேறாகக் குழாய்வழி சென்று, அணைக்கட்டுக்குப் பின்னால் தேங்குகிறது. ஆனால் உங்கள் குளக்கட்டும் அந்தக் கட்டும் ஒன்றல்ல. குளக்கட்டை ஒருமுறை கட்டி முடித்து, அலைகரைக்குக் கல் அடுக்கி, துருசு வைத்து, வான் எங்கே பாய வேண்டும் என்று தீர்மானித்த பிறகே நீர் நிறைகிறது. சுரங்கக் கட்டு நிறைந்துகொண்டிருக்கும்போதே வருடா வருடம் உயர்த்தப்படுவது. பல இடங்களில் உயர்த்துவதும் அந்தக் கழிவு மணலைக் கொண்டே. கனடாவின் மவுண்ட் பொலி செம்பு, தங்கச் சுரங்கத்தில் 2014 ஓகஸ்ட் 4 ஆம் திகதி கட்டு உடைந்து, இரண்டு கோடி கனமீற்றருக்கு மேற்பட்ட நீரும் சேறும் அயலிலுள்ள ஏரிகளுக்குள் பாய்ந்தன. கட்டின் அடியில் கிடந்த நலிந்த களிப்படை, மேலே ஏறிய பாரத்தைத் தாங்கவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. மாரியில் கட்டுக் காவல் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

கேள்வி: என் கணவர் கிறஷரில் வேலை செய்கிறார். மூக்கில் லேஞ்சி கட்டிக்கொள்கிறார். அது போதுமா? (ஒரு வாசகி, மல்லாவி)

பதில்: போதாது, சகோதரி. எமது கருங்கல்லில் குவாட்ஸ் எனப்படும் பளிங்குச் சிலிக்கா உண்டு. கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கு பிடித்துவிடும். நுரையீரலின் அடிவரை போவது கண்ணுக்கே தெரியாத துகள், அது லேஞ்சியின் இழைகளுக்கிடையால் போய்விடும். அதனால் வரும் நுரையீரல் வடுவை மாற்ற மருந்து இல்லை. முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும், நுண்துகள் தடுக்கும் முகமூடி வேண்டும். அதற்கும் முன்னதாக, கல் விழும் இடத்திலும் பட்டியின் முனையிலும் தண்ணீர் தெளிக்க வேண்டும். அந்தச் செலவு வேலை கொடுப்பவருடையது. தொடர்ந்து இருமல் இருந்தால், வேலை என்னவென்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லச் சொல்லுங்கள். நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அப்போதுதான் வரும்.

கேள்வி: கிணறு தோண்டும்போது மஞ்சளாக மினுங்கும் கல் வந்தது. செம்பாக இருக்குமா? எமது பகுதியில் செம்பு உண்டா? (ஒரு வாசகர், நெடுங்கேணி)

பதில்: இலங்கையில் செம்புத் தாது இருப்பது உண்மை. திருகோணமலை மாவட்டத்தில் சேருவிலப் பகுதியில், செம்பும் மக்னரைற்று என்னும் இரும்புத் தாதுவும் சேர்ந்து கிடப்பது 1971 இல் கண்டறியப்பட்டது. பெரிய அளவிலான சுரங்கம் எதுவும் அங்கே தோன்றவில்லை.

உங்கள் கல்லுக்கு ஒரு பேனாக்கத்தி போதும். மினுங்கும் பொருள் கத்திமுனையில் தாள் தாளாக உரிந்து வந்தால் அது அபிரகம்; மழைநீர் இறங்கி உக்கிய கருங்கல்லில் கருநிற அபிரகம் பொன்னிறமாகி மினுங்குவது வழக்கம். உரியாமல், கத்தியால் கீறவும் முடியாமல், சுத்தியல் பட்டால் பொறி பறந்து நொறுங்கினால் அது பைரைற்று, இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. கத்தியால் கீறுபட்டு, கீறிய தூள் பச்சை கலந்த கறுப்பாக இருந்தால் மட்டும் சால்கோபைரைற்று என்று ஐயுறலாம். அப்போது ஒரு துண்டைப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்துக்குக் காட்டுங்கள். நீங்கள் கடிதத்துடன் தாளில் மடித்து அனுப்பிய துகளை நகத்தாலேயே உரித்துப் பார்த்தேன். நாலு தாளாக வந்தது. கிணற்றில் தண்ணீர் கண்டீர்களா என்பதைத்தான் எழுத மறந்துவிட்டீர்கள்.