கல்யாணம் ஆகிவிட்டதா என்று யாரும் கேட்கத் தேவையில்லை: கருத்தடை பற்றி மகப்பேறு மருத்துவரிடம் கேள்வி பதில்

கல்லூரி மாணவி, மதுரை: அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டால் எல்லா மெடிக்கலிலும் "ஸ்டாக் இல்லை" என்கிறார்கள். டாக்டர் சீட்டு வேண்டுமா?

வேண்டாம். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற அந்த மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்க 2005-லேயே அனுமதி வந்துவிட்டது. ஆனாலும் தமிழ்நாட்டில் பல கடைகள் வாங்கி வைப்பதே இல்லை. அந்த மாத்திரை கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும். தங்கிய கருவைக் கலைக்காது. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கடைகளில் அலையாமல் மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். 5 நாளுக்குள் கருப்பையில் வைக்கும் காப்பர் டி போட்டாலும் பலன் உண்டு. கருக்கலைப்பு மாத்திரையைக் கடையில் வாங்கி நீங்களாக விழுங்காதீர்கள்.

புதுமணப் பெண், சேலம்: குழந்தையைத் தள்ளிப்போட நினைக்கிறோம். காப்பர் டி பிள்ளை பெற்றவர்களுக்குத்தானாமே?

இல்லை, உங்களுக்கும் போடலாம். எடுத்துவிட்டால் சீக்கிரமே கரு தங்கும். அந்தரா என்ற கருத்தடை ஊசி 3 மாதத்துக்கு ஒன்று. நிறுத்திய பிறகு கரு தங்கச் சில மாதங்கள் பிடிக்கலாம். எல்லாமே அரசு மருத்துவமனையில் இலவசம். நம் ஊரில் இரண்டு பிள்ளை பெற்று ஆபரேஷன் செய்துகொள்வதைத்தான் குடும்பக் கட்டுப்பாடு என்கிறோம். முதல் பிள்ளைக்கு முன்னால் இடைவெளி வேண்டும் என்பவளுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. இது என்னை வருத்துகிறது.

இல்லத்தரசி, கரூர்: கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் மலடாகிவிடுமா?

ஆகாது.

இளைஞர், திருச்சி: என் மனைவிக்கும் அதே பயம்.

மேலே பதில் சொல்லிவிட்டேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஒரு தகப்பனார், ஈரோடு: டாக்டரம்மா, கல்யாணமாகாத பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போக மாட்டார்களா?

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த யுனெஸ்கோ, பாலியல் கல்வியால் பிள்ளைகள் உறவில் இறங்குவது கூடவில்லை என்றே சொல்கிறது. சொல்லாமல் விட்டால் தகாத மருந்தைத் தனியாக விழுங்கிவிட்டு, ரத்தப்போக்கு நிற்காமல் வருகிறார்கள்.

அதே தகப்பனார்: கல்யாணமாகாதவர்களுக்கும் இதெல்லாம் உண்டு என்று சட்டமும் சொல்கிறதா?

ஆமாம். கருக்கலைப்புச் சட்டத்தில், கருத்தடை பலிக்காமல் போனால் கருக்கலைப்பு செய்யலாம் என்ற பிரிவில் முன்பு "மணமான பெண்" என்று இருந்தது. 2021 திருத்தத்தில் அது "எந்தப் பெண்ணும்" என்று மாறியது. மணமாகாத பெண்ணை ஒதுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. கவுண்டரில் "கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று முறைப்பது சட்டம் அல்ல.

பெயர் வேண்டாம்: தங்கைக்கு 17 வயது, கரு தங்கிவிட்டது. டாக்டரிடம் போனால் போலீஸ் வருமா?

சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி மருத்துவர் போலீஸுக்குத் தகவல் தர வேண்டும். ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயரையும் அடையாளத்தையும் சொல்லத் தேவையில்லை என்று மேலே சொன்ன 2022 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொல்கிறது. நாளைத் தள்ளாமல் அழைத்துப் போங்கள். கடை மாத்திரை வேண்டவே வேண்டாம்.

மாணவர், கோவை: முகப்பருவுக்கு எது நல்லது?

தோல் மருத்துவரிடம் கேளுங்கள், தம்பி.