ஏழாம் இடத்துக்காரர் செய்த வேலை

கேள்வி: பட்டம் கைநழுவிப் போன பிறகும் ஒரு செஸ் ஆட்டக்காரர் கடைசிச் சுற்றுவரை உட்கார்ந்து ஆடுவது வெட்டி வேலைதானே? பேசாமல் ஊருக்குக் கிளம்பினால் என்ன? நாலு எம்.பி. வைத்திருக்கும் கட்சிகளுக்கும் சேர்த்தே கேட்கிறேன். (ஒரு வாசகர், தேனி)

பதில்: கிளம்பியிருந்தால், 2013 நவம்பரில் சென்னைக்கு வந்து ஆனந்தோடு மோதியவர் நார்வேயின் கார்ல்சனாக இருந்திருக்க மாட்டார்.

அந்த ஆண்டு மார்ச்சில் லண்டனில் கேண்டிடேட்ஸ் போட்டி. எட்டுப் பேர், 14 சுற்று. முதலிடம் பிடிப்பவர் உலக சாம்பியன் ஆனந்தோடு ஆடலாம். உக்ரைனின் இவான்சுக் மேதைதான். ஆனால் யோசித்து முடிப்பதற்குள் நேரம் தீர்ந்து, ஐந்து ஆட்டங்களைக் கடிகாரத்திடமே பறிகொடுத்தவர். பட்டக் கணக்கில் அவர் பெயரே இல்லை. அந்த மனிதர் 12-ஆவது சுற்றில், அதுவும் கறுப்புக் காய்களோடு, முன்னணியில் இருந்த கார்ல்சனைச் சாய்த்தார். ரஷ்யாவின் கிராம்னிக் முந்தினார். அடுத்த சுற்றிலேயே கார்ல்சன் எட்டிப் பிடித்தார். கடைசிச் சுற்றுக்கு வரும்போது இருவருக்கும் எட்டரைப் புள்ளி.

சமமாக முடிந்தால் அதிக ஆட்டம் ஜெயித்த கார்ல்சனுக்குத்தான் வாய்ப்பு. அதனால் கிராம்னிக் ஜெயித்தே தீரவேண்டும் என்று துணிந்து இறங்கினார். எதிரே யார்? நம்ம இவான்சுக். கிராம்னிக் தோற்றார். வேடிக்கை என்னவென்றால், அதே நாளில் கார்ல்சனும் ஸ்விட்லரிடம் தோற்றிருந்தார். ஒரு டிராவே போதுமாக இருந்திருக்கும்! இவான்சுக் அன்று வராமலே இருந்திருந்தால் முழுப் புள்ளி கிராம்னிக்குக்குச் சும்மா போயிருக்கும், சென்னைப் பயணமும் அவருக்கே. ஆக, நீங்கள் சொல்கிறபடி ஊருக்குக் கிளம்புவதும் ஒருவரை ஜெயிக்க வைக்கிற வேலைதான். ஆடாமலே செய்யலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சென்னையில் கார்ல்சன் 6½-3½ என்று ஆனந்தை வென்றது தெரிந்த கதை. இவான்சுக்குக்குக் கிடைத்தது ஏழாம் இடம்.

சரி, கட்சிகள். இவான்சுக் யாருக்கு லாபம் என்று பார்க்காமல் இரண்டு பேரையும் அடித்தார். டில்லியில் அப்படி யாரும் ஆடுவதில்லை. 18 எம்.பி.க்கள் வைத்திருந்த அதிமுக ஆதரவை விலக்கிக்கொள்ள, 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு 269-270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. கவிழ்க்க அந்த 18 போதும். அக்டோபரில் வாஜ்பாய் மறுபடி பிரதமரானபோது பக்கத்தில் நின்றது திமுக.