காக்டெய்ல் கிளியின் கூண்டில் மணியும் கயிறும் தொங்கவிடலாமா?

பழைய வண்ணாரப்பேட்டையில் காக்டெய்ல் வளர்ப்பவர் கேட்டிருக்கிறார். தொங்கவிடலாம், ஆனால் எந்த மணி, எந்தக் கயிறு என்று பார்க்க வேண்டும்.

முதலில் மணி தொங்கும் சங்கிலி. மலிவான பொம்மைகளில் வருவது பெரும்பாலும் துத்தநாகம் பூசிய இரும்பு. காசிமேடு, ராயபுரம் பக்கத்துக் கடல் காற்றில் சில மாதத்திலேயே அதன் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். விரலால் தேய்த்தால் ஒட்டும். கிளிக்குக் கை கிடையாது, நாக்கால்தான் தடவிப் பார்க்கும். துத்தநாகமும் ஈயமும் உடம்பில் சேர்ந்தால் வாந்தி, சோர்வு, வலிப்பு வரை போகும். காந்தம் ஒட்டவில்லையே என்று நிம்மதி அடையாதீர்கள், இந்த இரண்டுமே காந்தத்தில் ஒட்டாது. எவர்சில்வர் கொக்கி, திருகி மூடும் வகையாக வாங்குங்கள். சாவிக்கொத்து வளையம் வேண்டவே வேண்டாம், அலகு மாட்டிக்கொள்ளும்.

கீறல் வாய் உள்ள சலங்கை மணியில் கால் விரல் சிக்கும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு நகம் போனது. அன்று ராத்திரி யாரும் தூங்கவில்லை.

பருத்திக் கயிறு சரி, நூல் பிரியாத வரைக்கும். பிரிந்தால் காலைச் சுற்றும்; விழுங்கினால் இரைப்பையில் அடைக்கும். வாரம் ஒருமுறை பார்த்து, பிரிந்த நூலைக் கத்தரியால் நறுக்கிவிடுங்கள்.

அப்புறம், என் கட்சி வேப்பங்குச்சியும் கழுவிக் காயவைத்த கொட்டாங்குச்சியும்தான். காசும் இல்லை, பெயின்ட்டும் இல்லை.